ஸ்வைன்பாட்டம்: சரியான உச்சரிப்பு

இங்கிலாந்து உலகுக்கு அளித்த பெருங்கொடைகள் மூன்று. ரயில் வண்டி ஒன்று. வரிசையில் நிற்பது இரண்டு. மூன்றாவதும் முதன்மையானதும் 'ஸ்வைன்பாட்டம்' என்ற குடும்பப் பெயர். முதல் இரண்டையும் உலகம் நன்றியோடு வாங்கிக்கொண்டது. மூன்றாவதை இன்னும் சரியாக உச்சரிக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் குறையைப் போக்கவே யார்க்‌ஷயரின் மேற்கு மூலையில், கிளாக்டேல் பள்ளத்தாக்கில், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் 'அகில உலக ஸ்வைன்பாட்டம் பெயர் வரலாற்றுக் கழகம்' அயராது இயங்கி வருகிறது. அதன் கௌரவச் செயலாளர் அடியேன். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். செயலாளர் என்றால் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குபவர்.

முதலில் பெயரின் தோற்றம். ஸ்வைன் என்றால் பன்றி. பாட்டம் என்றால் அடி; இந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி. பன்றி மேய்ந்த பள்ளத்தில் குடியிருந்தவர்கள் என்று மொத்தத்தில் அர்த்தம். எவ்வளவு கண்ணியமான தொடக்கம். ஆனால் காலப்போக்கில் பாட்டம் என்ற சொல் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி, மனிதன் நாற்காலியில் எதை வைத்து உட்காருகிறானோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகை எடுக்கும்போதெல்லாம் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் மட்டும் சளைக்கமாட்டேன். எங்கள் பெயரிலேயே அடி இருக்கிறது, எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இந்த இக்கட்டிலிருந்து குடும்பத்தை மீட்டவர் எங்கள் தலைவர் மேஜர் ஆப்ரி ஸ்வைன்பாட்டம். பன்றிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் ஆராய்ந்து கண்டுபிடித்தார். பிரான்சில் நார்மண்டிக் கரையில் 'ஸாங் வின் பத்தோம்' என்றொரு ஊர் இருந்ததாம். அங்கிருந்து கப்பலேறி வந்த பிரபு வம்சமாம் நாங்கள். ஆகவே சரியான உச்சரிப்பு 'ஸ்வின்பத்தோம்', கடைசி அசையை நீட்டி, முகவாயைச் சற்றே தூக்கி. அந்த ஊரைத் தேடி உறுப்பினர்கள் ஒரு பஸ் பிடித்துப் போனார்கள். ஊர் அகப்படவில்லை, திராட்சை மது அகப்பட்டது. பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஊர் அகப்படாததே அதன் பழமைக்குச் சான்று என்று மேஜர் அறிவித்தார்.

மேஜர் கொள்கையில் உறுதியானவர். ஒருமுறை பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, வரவேற்பறைப் பெண் 'மிஸ்டர் ஸ்வைன்பாட்டம்' என்று எழுதியபடியே கூப்பிட்டாள். மேஜர் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மீண்டும் மீண்டும் கூப்பிட்டாள். மேஜர் மீன்களையே பார்த்தார். மதியம் கதவைச் சாத்தும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். பெயருக்காக ஒரு கடைவாய்ப் பல்லைத் தியாகம் செய்த பெருமகனை வேறெந்தக் குடும்பம் பெற்றிருக்கிறது?

போலி ஸ்வைன்பாட்டம்கள் கழகத்துக்குள் ஊடுருவிவிடக் கூடாதே என்ற கவலையில் அவர் ஏழாம் விதியை இயற்றினார். உறுப்பினராக விரும்புபவரிடம் பெயர் எழுதிய அட்டை ஒன்று காட்டப்படும். அதைச் சரியாக உச்சரிக்கவேண்டும். எழுதியபடியே படித்துவிட்டால் அவர் அந்நியர். இந்தப் பெயரைத் திருடிக்கொண்டு வர எவனுக்குப் பைத்தியம் என்று என் மனைவி ஹிலரி கேட்டாள். அவள் பிறவி ஸ்வைன்பாட்டம். கேட்க உரிமை உண்டு.

என் கதை வேறு. ஈரோட்டில் நான் வீ. தெய்வசிகாமணி. அந்தக் காலத்தில் ஊர் மேடையிலேயே ஏறிப் பெயருக்குப் பின்னாலிருந்த சாதி வாலை வெட்டிப் போட்டவர் என் அப்பா. ஆகவே நான் வாலில்லாமல்தான் விமானம் ஏறினேன். இங்கே இறங்கினால், வாலில்லாத மனிதனை எந்த அலுவலகமும் ஏற்பதாயில்லை. இனிஷியலைப் பார்த்துவிட்டு வங்கியில் என்னை 'மிஸ்டர் வீ' என்று கூப்பிட்டார்கள். வீல் என்று கத்தலாம்போல இருந்தது. ஹிலரியைக் கைப்பிடித்தபோது பதிவாளர் எதிரிலேயே அவள் வாலை எடுத்து ஒட்டிக்கொண்டேன். சாதி வாலை வெட்டிய வீட்டில் பன்றி வால் முளைத்த செய்தியை ஊருக்கு எழுதவில்லை. தெய்வசிகாமணியைச் சொல்ல முடியாமல் இவர்கள் என்னை 'டேவ்' ஆக்கிவிட்டார்கள். விதி ஏழில் முதல் தடவையே தேறினேன். 'பத்தாம்பசலி' என்ற சொல்லை வாயில் வைத்தே வளர்ந்தவனுக்கு 'பத்தோம்' ஒரு கஷ்டமா? நான் தணிக்கைக் கணக்கன் என்று தெரிந்ததும் அன்றைக்கே செயலாளர் ஆக்கினார்கள்.

கழகத்தின் வெள்ளிவிழா வந்தது. வாசலில் மேஜர் பல வருடங்களுக்கு முன்பே தம் கையால் எழுதி வைத்த பலகைக்குப் புது வர்ணம் பூசினோம். 'எங்கள் பெயரின் தோற்றம், வரலாறு, பரவல். அனைத்து ஐயங்களும் தீர்க்கப்படும்.' இதில் பரவல் என்பதற்கு இதுவரை நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை. உலகப்படம் ஒன்றில் ஸ்வைன்பாட்டம்கள் வாழும் இடங்களிலெல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தித் தரும்படி மேஜர் எனக்குப் பணித்தார். நூலகத்தில் உட்கார்ந்து நாடு நாடாகத் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டினேன். கிளாக்டேலுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் ஒரு பெட்டி குண்டூசி தாராளமாகப் போதும். ஆஸ்திரேலியாவுக்கு மூன்று ஊசி. அந்தக் கிளை அரசாங்கச் செலவில், காலில் இரும்புப் பூட்டோடு போனது என்பதால் அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜமைக்காவுக்கு வந்தபோதுதான் மறுபடி மறுபடி கடைக்கு ஓட வேண்டியதாயிற்று.

மேஜர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன டேவ் இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"ஜமைக்கா, மேஜர்."

"அங்க நம்மாளுங்க எத்தன பேரு?"

"இங்க இருக்கறவங்கள மாதிரி எட்டு மடங்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊசிகள் அப்படியே இருந்தன. "கடல் ரொம்ப இடத்த அடைக்குது. அட்லாண்டிக் கரையோட கத்தரிச்சிடு" என்றார். கத்தரித்தேன். அகில உலகம் சட்டத்துக்குள் அழகாகப் பொருந்தியது.

ஜமைக்காக் கிளையைப் பற்றி, நான் எழுதிய எங்கள் அதிகாரபூர்வ வரலாறு மௌனம் சாதிக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 'குடும்பத்தின் ஒரு பிரிவினர் வெப்பமான பிரதேசத்தில் கரும்பு விவசாயத்தில் ஈடுபட்டனர். ஏராளமானோர் அவர்களிடம் வேலை பார்த்தனர்' என்று இரண்டு வரி இருக்கிறது. சம்பளத் தகராறு ஒருமுறைகூட எழவில்லை என்பதையும் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். சம்பளம் இருந்தால்தானே தகராறு வரும் என்று ஹிலரி சொன்னாள். சேர்க்கவில்லை.

வெள்ளிவிழா ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று வெளியே நல்ல மழை. நம்மூரில் ஒரு பாட்டம் மழை என்போம். கழகத்தில் அதையும் பத்தோம் என்றுதான் சொல்லவேண்டும். மேஜர் வரவேற்புரையின் நடுவில், பன்றிகளை மறுக்கும் இடத்தில் இருந்தார். கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண் ஒருத்தி குடையை உதறி மடக்கிவிட்டு உள்ளே வந்தாள். பஸ் கம்பெனிச் சீருடைக் கோட்டு. கையில் ஒரு கனத்த துணிப்பை. அதைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெயர் வெர்னா ஸ்வைன்பாட்டம் என்றாள். ஹடர்ஸ்ஃபீல்டு பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். அவள் அப்பா வில்ஃப்ரெட் இளம் வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து, இங்கே கம்பள ஆலையில் முப்பது வருடம் தறியோடு நின்றவர். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தனியாக பஸ் ஏறி கிளாக்டேலுக்கு வந்து, தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்ப மூலையில் கல் கல்லாகப் பார்த்துவிட்டுப் போவாராம். சென்ற மாதம் காலமாகிவிட்டார். தம் பெயர் பொறித்த கற்களுக்கு நடுவில் தம்மை வைக்கவேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. பையில் இருப்பது அவர்தான்.

குடும்ப மூலையில் இடம் கழக உறுப்பினர்களின் குடும்பத்துக்கு மட்டும். எனவே தன்னை உறுப்பினராகச் சேர்க்கும்படி கேட்டாள்.

யாரும் மறுக்கவில்லை. இங்கே எவரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. 'ரொம்ப சுவாரஸ்யம்' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதற்கு இங்கே 'கிடையாது' என்று அர்த்தம். ஒருவர் மழையைப் பற்றி விசாரித்தார். ஒருவர் இஞ்சிக் கேக் நீட்டினார். பொருளாளர் மட்டும், தோட்டத்தில் ஈரம் அதிகம், வெயில் தேசத்து மனிதருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று கவலைப்பட்டார்.

"சாம்பலுக்கு ஜலதோஷம் பிடிக்காது சார்" என்றாள் வெர்னா.

மேஜரின் முகத்தில் நிம்மதி படர்ந்ததை அப்போது பார்த்தேன். அவருக்கு விதி ஏழு ஞாபகம் வந்துவிட்டது. வெறுப்பு, பாரபட்சம் போன்ற கீழான குணங்கள் அவரிடம் எப்போதுமே கிடையாது. அவருக்குத் தேவைப்படுவதெல்லாம் ஒரு விதி. அட்டையை எடுத்து, மிகுந்த மரியாதையோடு, அவள் எதிரில் தூக்கிப் பிடித்தார். வெர்னா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஸ்வின்னம்."

மேஜர் அட்டையைத் திருப்பித் தாமே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

"ஸ்வின்னம். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

மேஜர் தலையை மெல்ல ஆட்டினார். பாதிப் பெயரை விழுங்கிவிட்டீர்களே என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அனுதாபப்பட்டார்.

"தப்பா இருக்க முடியாதே சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரல்தான். "எங்க ஆளுங்க அடிமையா இருந்தப்ப, கரும்புத் தோட்டத்துல தெனம் காலைல பேர் கூப்பிடுவாங்களாம். யாரோட ஆளுன்னு கேப்பாங்க. எசமான் எப்படிச் சொல்றாரோ அப்படியே திருப்பிச் சொல்லணும். நீட்டினா ஒரு அடி. சுருக்கினா ஒரு அடி. எங்கப்பா வரைக்கும் ஒரு எழுத்து மாறாம வந்திருக்கு."

 யாரும் சுவாரஸ்யம் என்று சொல்லவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த மூரியல் கேக்கைத் தட்டில் வைத்தார். மேஜரின் மூத்த சகோதரி. கழகத்துக்கு அவர் வருவது கேக்குக்காக மட்டும்தான் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொள்பவர். எல்லோரும் அவருக்குக் 'கண்ணு', தம்பியைத் தவிர.

"ஏன்டா ஆப்ரி, நம்ம அப்பா எப்படிடா சொல்வாரு?"

"அக்கா, இது ஆண்டுப் பொதுக்கூட்டம்."

"அதான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். அப்பா ஸ்வின்னம்னுதான் சொன்னாரு. தாத்தாவும் ஸ்வின்னம். ஒம்பது வயசு வரைக்கும் நீயும் ஸ்வின்னம். அப்பறம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல போய்ச் சேந்த. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து சாப்பாட்டு மேசைல 'பத்தோம்'னு ஆரம்பிச்ச. அப்பாவுக்குத் தொண்டைல உருளைக்கிழங்கு சிக்கிக்கிட்டு, முதுகுல தட்டி எடுத்தோம். மறந்துபோச்சா?"

மேஜர் உதவிக்குச் சுற்றிலும் பார்த்தார். பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தேநீர்க் கோப்பைக்குள் குனிந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார் என்று ஒருவர் முணுமுணுத்தார். வீட்டில் நாங்கள் இப்போதும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொன்னாள். கூட்டத்துக்கு வரும்போது மட்டும் மேஜருக்காக நீட்டுவோம் என்றாள்.

மூரியல் இதற்குள் வெர்னா பக்கம் திரும்பியிருந்தார். "தொப்பி போட்டுக்கிட்டு வருவாரே, அவரா கண்ணு உங்கப்பா? ஈஸ்டருக்கு ஈஸ்டர் என்னப் பாத்துத் தொப்பியத் தூக்குவாரு. நான் அவர முனிசிபாலிட்டி ஆளுன்னு நெனச்சேன். வேலிய அளக்க வராருன்னு."

"அவருதான்" என்றாள் வெர்னா. பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் மேஜரைப் பாராட்டியே ஆகவேண்டும். சாதாரண மனிதனாக இருந்தால் மழுப்பியிருப்பான். மேஜர் விதிக்குக் கட்டுப்பட்டவர். ஏழாம் விதியைப் படிக்கச் சொல்லி எனக்குக் கட்டளையிட்டார். படித்தேன். 'பெயரைச் சரியாக உச்சரிக்காத எவரும் கழகத்தில் உறுப்பினராகச் சேரவோ நீடிக்கவோ இயலாது.' நீடிக்கவோ என்ற சொல்லை அவரேதான் சேர்த்திருந்தார். நம்மூரில் விதி விளையாடியது என்போம். இங்கே விளையாடியது ஏழாம் நம்பர் விதி.

அட்டையைப் பார்த்து 'பத்தோம்' என்று நீட்டித்தான் அத்தனை பேரும் சேர்ந்திருந்தார்கள். ஆகவே கழகத்தில் எவருமே உறுப்பினர் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் உறைத்தது. மேஜர் எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது. தலைவர் நாற்காலியைத் தம் கையாலேயே பின்னுக்கு இழுத்தார்.

"அம்மா, இப்போதைக்குக் கழகத்துல நீங்க ஒருத்தர்தான் உறுப்பினர். கூட்டத்த நீங்கதான் நடத்தணும்."

வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு அதிக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்து, பையை மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் நூற்றாண்டில் எங்கள் கூட்டம் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. முதல் தீர்மானம்: வில்ஃப்ரெட் ஸ்வைன்பாட்டம் குடும்ப மூலையில் அடக்கம் செய்யப்படுவார். முன்மொழிந்தவர் வெர்னா, வழிமொழிந்தவர் வெர்னா, ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது தீர்மானம்: இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரையும் கழகத்தில் சேர்த்துக்கொள்வது.

"எல்லாரும் இருந்துட்டுப் போங்க. உச்சரிப்பு போகப்போக சரியாயிடும்" என்றாள்.

கை தட்டினார்கள். பொருளாளர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். நான் பேனாவும் கையுமாக நிற்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"நீங்க எந்த ஊரு?"

"ஈரோடு. இந்தியா."

"உங்களுக்கும் இந்தப் பேரா?"

"விரும்பி எடுத்துக்கிட்டேங்க."

"விரும்பி" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு ஏனோ வால் இருக்கும் இடத்தில் சுட்டது.

அடுத்து நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி, 'இதர விஷயங்கள்'. இந்த வரி வந்ததும் நாற்காலிகள் நகரும், கோட்டுகள் கைக்கு வரும். இதர விஷயம் என்று எவரும் எதையும் எழுப்பியதாகச் சரித்திரம் இல்லை. வெர்னா கையைத் தூக்கினாள். தலைவரும் அவளே என்பதால் அனுமதி கிடைத்தது.

"வெளில போர்டு வெச்சிருக்கீங்க. பேரோட தோற்றம், வரலாறு, எல்லா சந்தேகமும் தீர்க்கப்படும்னு. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்கப்பா அதப் படிச்சிட்டு வந்து எங்கிட்ட சொல்வாரு. உள்ள வந்து கேக்க அவருக்குக் கூச்சம். நான் கேட்டுட்டுப் போறேன்." பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஸ்வின்னம்னு ஆகறதுக்கு முன்னாடி எங்க பேரு என்ன?"

எல்லோரும் மேஜரைப் பார்த்தார்கள். மேஜர், வரலாறு எழுதியவன் என்ற முறையில் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அதில் அட்லாண்டிக் கரையோடு உலகம் முடிந்திருந்தது. மூரியல் மட்டும் வெர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு" என்று ஆரம்பித்தார்.  இன்னொரு கோப்பை தேநீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

வெர்னா மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, வராத பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்தவளைப் போலப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறு ஞாயிறு அடக்கம் சிறப்பாக நடந்தது. மேஜர் பதக்கங்களோடு வந்து, கல்லின் முன் தொப்பியைத் தூக்கினார். எங்கள் கழகம் எக்காலத்திலும் எல்லோரையும் அணைத்தே வந்திருக்கிறது என்று உரையாற்றினார். அன்று மாலையே ஏணி போட்டு ஏறி, வாசல் பலகையில் 'அனைத்து ஐயங்களும் தீர்க்கப்படும்' என்ற வரியின் மேல் வெள்ளை பூசினார். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்.

அந்தப் பொதுக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் முறைப்படி எழுதி முடித்துவிட்டேன். 'இதர விஷயங்கள்: எதுவும் இல்லை' என்று எழுதச் சொன்னார்கள், அழகான கையெழுத்தில் எழுதினேன். மற்றபடி எங்கள் பெயரின் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பெயரிலேயே அடி இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அந்த அடி யார் முதுகில் விழுந்தது என்பதை மட்டும் படத்தோடு சேர்த்துக் கத்தரித்துவிட்டோம்.